தேர்தல் முடிந்து திரும்பி வந்த துப்பாக்கி

எழுமலைக்குத் தெற்கே இருக்கும் செங்கரட்டுப்பட்டியின் பெயரைப் போன வருடம் வரை பஸ் கண்டக்டரிடமே இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இப்போது ஒரு தடவை சொன்னால் போதும். "பால் சொசைட்டியில அஞ்சு பேரச் சுட்டுப்புட்டானே, அந்த ஊரா?" என்று பக்கத்து சீட்டுக்காரர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். சுட்டவன் பெயர் காசிமாயன். அவனுடைய மனைவி சின்னத்தாயைப் பற்றியது இந்தக் கதை.

சின்னத்தாய்க்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கப்பலூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் பாட்டிலுக்கு மூடி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் பேக்கிங் வேலை. கம்பெனி வேன் விடிந்தும் விடியாமலும் மெயின் ரோட்டில் ஊருக்குப் பிரிகிற விலக்கில் வந்து நிற்கும். அதற்குள் மாட்டைக் கறந்து, சோறாக்கி, பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து ஏறுவாள். பெரும்பாலும் கடைசி ஆள் அவள்தான். வேனில் உட்கார்ந்த பிறகுதான் தலையைச் சீவுவாள். மகள் மீனா மதுரையில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படித்தாள். அவள் படிப்பு முடிகிற வரைக்கும் இந்த ஓட்டம் ஓடியே ஆக வேண்டும் என்று சின்னத்தாய் கணக்குப் போட்டிருந்தாள்.

காசிமாயன் பட்டாளத்தில் இருந்து திரும்பியவன். அந்தக் காலத்தில் அவனைப் போல ஒரு மாப்பிள்ளை கிடைக்காது என்று சின்னத்தாயின் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அது பொய்யில்லை. லீவில் வரும்போதெல்லாம் மகளுக்கு ஆப்பிளும் வாதுமைக் கொட்டையும் கொண்டுவருவான். கண்மாய்க் கரையில் அவளுக்குச் சைக்கிள் பழக்கிவிட்டவனும் அவன்தான். பட்டாளத்தை விட்டு வந்ததும் லைசென்ஸ் எடுத்து ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி வாங்கினான். சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் வங்கியில் கன்மேன் வேலை கிடைக்கும். உசிலம்பட்டியில் கிடைத்தது. சில வருடம் நன்றாகத்தான் போய்வந்தான். பிறகு மேனேஜரோடு ஏதோ வாய்த்தகராறு. வேலை போயிற்று. துப்பாக்கி வீட்டிலேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவன் ஆள் மாறிப்போனான். குடிக்க மாட்டான். குடிகாரனாக இருந்திருந்தால் ஊருக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். பேச்சு குறைந்தது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவான். பால் சொசைட்டியில் நாலு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால், "பொண்டாட்டி சம்பளத்துல திங்கிறான்னு என்னயத்தான் சொல்றாங்கெ" என்பான். "உங்களப் பத்திப் பேச அவங்களுக்கு நேரமா இருக்கு?" என்று சின்னத்தாய் சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்தபடியே அவன் துப்பாக்கியை அவள் பக்கம் நீட்டி, ஒரு கண்ணை மூடி, வாயால் "டப்" என்றான். பிறகு சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். பிறகு அவன் பக்கம் முதுகைக் காட்டாமலே மிச்ச வாசலைக் கூட்டி முடித்தாள்.

அந்த நேரத்தில்தான் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். காசிமாயனும் கொண்டுபோய்க் கொடுத்தான். அந்த இரண்டு மூன்று மாதம் சின்னத்தாய் நன்றாகத் தூங்கினாள். ஓட்டு எண்ணப் போகிறார்கள் என்றதும் அவளுக்குத் துப்பாக்கி அங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. யாரிடம் போய்க் கேட்பது?

சொசைட்டியில் பால் பரிசோதிக்கிற சங்கிலியிடம் சொன்னாள். காசிமாயனை மாப்ள என்று கூப்பிடுகிறவன் சங்கிலி. அந்த முறையில் அவளுக்கு அண்ணன். அவன் யோசிக்கவில்லை. "நா எப்படியும் எழுமலைப் பக்கம் போறேன். வண்டியில ஏறு தங்கச்சி. கேட்டுப் பாப்போம்" என்றான். பகல் வெளிச்சத்தில், ஊர் பார்க்க, அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனாள்.

ஸ்டேஷனில் ரைட்டர்தான் இருந்தார். எழுத்து வேலையெல்லாம் பார்க்கிற ஏட்டு.

"உன் புருசன் உன்னய அடிச்சானா?"

"இல்ல சார்."

"சுட்டானா?"

"சுட்டிருந்தா நா எப்பிடி சார் இங்க வருவேன்?"

ரைட்டர் சிரித்துவிட்டார். "பெறகென்ன? லைசென்ஸ் இருக்கு. ரூல்படி குடுத்துத்தான் ஆகணும். எழுதிக் குடுத்தேன்னா அவனக் கூப்புட்டு விசாரிக்கணும். வீணா குடும்பத்துல சண்ட வரும். பாத்துக்க."

சங்கிலி முன்னால் வந்தான். "சார், நா சாட்சி நிக்கிறேன். அந்தாளு முழியே சரியில்ல. ஒரு ஆறு மாசம் இங்கனயே கெடக்கட்டும். அவருக்கு அத வச்சு இப்ப என்ன சோலி?"

"சரி, பாத்துக்கிறோம். போங்க" என்றார் ரைட்டர்.

அடுத்த வாரம் காசிமாயன் துப்பாக்கியோடு வீட்டுக்கு வந்தான். அதைப் பழைய இடத்தில் வைத்தான். கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து நிதானமாகச் சொன்னான்: "சங்கிலி வண்டியில போயி எம்மேல கம்ப்ளைண்ட் குடுத்தியாமே? ரைட்டரு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு." அடிக்கவில்லை, திட்டவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை. சின்னத்தாய் மறுநாள் காலையிலேயே சங்கிலியிடம் சொன்னாள். "விடு தங்கச்சி, நா பேசிக்கிறேன்" என்றான் அவன். பேசினானா என்று அவளுக்குத் தெரியாது.

மாசி மாதத்தில் ஒரு நாள் அது நடந்தது. அவள் வழக்கம் போலப் பாலை ஊற்றிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் காசிமாயன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்கு வந்திருக்கிறான். வேட்டைக்குப் போகிறான் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். முதலில் சங்கிலி. பிறகு பால் வண்டி ஓட்டுகிற அழகுபாண்டி. தோட்டாவை மாற்றி மாற்றிப் போட்டு, பால் ஊற்ற வந்திருந்த முத்திருளன், சோலை, ஒச்சாயி. கேன்களுக்குப் பின்னால் விழுந்து படுத்தவர்கள் காயத்தோடு பிழைத்தார்கள். காசிமாயன் அங்கிருந்து நேராகக் கதிர் அடிக்கிற களத்துக்கு நடந்து போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டான்.

வேன் திருமங்கலத்தைத் தாண்டும்போது சின்னத்தாய்க்கு போன் வந்தது. யார் பேசியது என்று இன்றைக்கும் அவளுக்கு ஞாபகம் இல்லை. "ஒம் புருசன் எல்லாரையும் சுட்டுட்டான்" என்ற ஒரு வரிதான் காதில் நிற்கிறது. டிரைவர் வேனை ஓரமாக நிறுத்தினார். அவள் இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ரோட்டோரத்தில் நின்றாள். பழங்காநத்தத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் நல்லகாமன் பைக்கில் வந்து கூட்டிப்போனார். ஊருக்குப் போக வேண்டும் என்று அவள் சொன்னாள். "போனா உன்னய உசுரோட விட மாட்டாங்க ஆத்தா" என்றார்.

ஊரில் அன்று நடந்ததை எல்லாம் அவள் பிறகுதான் கேள்விப்பட்டாள். உடல்கள் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன. சொந்தக்காரர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். சாயங்காலம் ஆனதும் செத்தவர்கள் வீட்டு மாடுகள் மடி கட்டிப்போய்க் கத்த ஆரம்பித்தன. இருந்த பெண்கள் வீடு வீடாகப் போய்க் கறந்தார்கள். சொசைட்டி பூட்டிக் கிடந்தது. கறந்த பாலை வாய்க்காலில் ஊற்றினார்கள். காசிமாயன் வீட்டு மாட்டை மட்டும் யாரும் தொடவில்லை. அது விடிய விடியக் கத்தியதாம். மறுநாள் யாரோ கன்றை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள்.

உடல்களை வாங்க மாட்டோம் என்று ஐந்து குடும்பமும் எழுமலையில் மறியல் செய்தது. ஏன் நடந்தது என்று சொல்லுங்கள், அப்புறம் வாங்குகிறோம் என்றார்கள். அதிகாரிகள் வந்து வாக்குக் கொடுத்தார்கள். உடல்களை வாங்கினார்கள். காசிமாயன் உடலை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்றார்கள். நல்லகாமன் பட்டறைப் பையன்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போய் மதுரை தத்தனேரி சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்தார். சின்னத்தாய் தாலியைத் தானே கழற்றி மாடத்தில் வைத்தாள். அழுதால் யாருக்கு அழுகிறாள் என்று கேட்பார்கள். அவளுக்கே அது தெரியவில்லை.

பிறகு டிவியில் செய்தி வந்தது. மனைவிக்கும் பால் பரிசோதகருக்கும் இருந்த தொடர்பே காரணம் என்று போலீஸ் தரப்பில் சொல்லப்படுகிறது என்றார்கள். ஊர் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. சங்கிலி வண்டியில் அவள் உட்கார்ந்து போனதைப் பார்த்தவர்கள்தான் ஊரில் பாதிப் பேர்.

மீனா கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டு மாமா வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டாள். போனை அணைத்து வைத்தாள். நல்லகாமன் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். "வாயத் தொறக்காத. ஸ்டேசனப் பத்திச் சொன்னா நம்ம மேலயே கேசு போடுவாங்க. நாளப்பின்ன புள்ளயக் கட்டிக் குடுக்கணுமா இல்லையா?" என்றார். அவள் பேசாமல் இருந்தாள். கம்பெனியிலும் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில நாள் கழித்து ஒரு மத்தியானம் பட்டறை வாசலில் செல்லக்கிளி வந்து நின்றாள். சங்கிலியின் மனைவி. நல்லகாமன் பதறி எழுந்தார். "அண்ணே, நா சண்டைக்கு வரல. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிர்றேன்" என்றாள்.

மாடியில் இருந்த ஒற்றை அறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். செல்லக்கிளி தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"மூடி மறைக்காமச் சொல்லு சின்னத்தாயி. எம் புருசனுக்கும் உனக்கும் என்ன?"

"ஒண்ணுமில்ல மதினி. தங்கச்சின்னுதான் கூப்புடுவாரு."

"அப்ப வண்டியில எங்க போனீக?"

சின்னத்தாய் சொன்னாள். கட்டிலில் இருந்தபடி அவன் குறி வைத்ததில் தொடங்கி, ரைட்டர் சிரித்தது, சங்கிலி சாட்சி நிற்கிறேன் என்றது, துப்பாக்கி திரும்பி வந்த அன்று காசிமாயன் சொன்னது வரைக்கும் எதையும் விடவில்லை. செல்லக்கிளி குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் முகம் மட்டும் மெல்ல மெல்லச் சிவந்தது.

"எங்கிட்ட இத அவரு சொல்லவே இல்லையே" என்றாள் கடைசியில்.

"பயப்புடுவீகன்னு சொல்லாம இருந்திருப்பாரு."

"சரி. எம் புருசன் சாட்சிக்குப் போனாரு, செத்தாரு. மத்த நாலு பேரு என்ன பண்ணாங்க?"

"அது எனக்குத் தெரியல மதினி. எல்லாரும் அவரப் பாத்துச் சிரிக்கிறதா நெனச்சாரு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியல. தெரிஞ்சா சொல்லிருவேன்."

செல்லக்கிளி அப்போதுதான் அழுதாள். சத்தம் போட்டு, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். சின்னத்தாய் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காரவில்லை. அதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செல்லக்கிளி கேட்டாள்: "கோட்டாட்சியர் விசாரண வருது. எழுமலை கல்யாண மண்டபத்துல. அங்க வந்து இதச் சொல்லுவியா? எம் புருசன் பேரு கெட்டுக் கெடக்கு. எம் புள்ளைக ரோட்டுல நடக்க முடியல."

சின்னத்தாய் அண்ணனைப் பார்த்தாள். நல்லகாமன் படிக்கட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அறையின் மூலையில் சுருண்டு படுத்திருந்த மீனா எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, போய்ச் சொல்லு. நானும் வாரேன்" என்றாள்.

விசாரணை அன்று எழுமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சின்னத்தாயின் கண்ணில் முதலில் பட்டது ஒரு பெரிய பிளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி என்று போட்டு ஐந்து முகங்கள். சங்கிலியின் படம் அவன் கல்யாண போட்டோவில் இருந்து வெட்டி எடுத்தது போல இருந்தது, கழுத்தில் மாலை தெரிந்தது. அவளை அடையாளம் கண்டு ஆட்கள் ஒதுங்கினார்கள். மண்டபத்துக்குள் ஊரே உட்கார்ந்திருந்தது. அவள் நுழைந்ததும் ஒரு பெண் எழுந்து வசவைத் தொடங்கினாள். போலீஸ்காரர்கள் உட்கார வைத்தார்கள்.

கோட்டாட்சியர் கண்ணாடி போட்ட ஒரு பெண். "பயப்படாம சொல்லுங்கம்மா" என்றார். சின்னத்தாய் சொன்னாள். செல்லக்கிளியிடம் சொன்ன அதே வரிசையில், அதே வார்த்தைகளில் சொன்னாள். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டதைச் சொன்னபோது ஓரத்தில் நின்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோட்டாட்சியர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த ரைட்டர் பேர் தெரியுமா?"

"பேரு தெரியாது மேடம். ஆளக் காட்டுனா சொல்லுவேன்."

அப்போது மொக்கையன் எழுந்தார். அழகுபாண்டியின் தகப்பன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "உனக்குத் தெரிஞ்சிருக்குல்ல? ஊருக்குள்ள ஒரு சொல் சொல்லியிருந்தா நாங்க எங்க புள்ளய வீட்டுல நிறுத்தியிருப்போம்ல?"

சின்னத்தாய் அவர் பக்கம் திரும்பினாள். "சங்கிலி அண்ணனுக்குத் தெரியும் மாமா. போலீசுக்கே தெரியும். அதுக்கு மேல யாருகிட்டச் சொல்லணும்னு எனக்குத் தெரியல."

மொக்கையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். செல்லக்கிளி எழுந்து மேசைக்கு முன்னால் வந்தாள். "மேடம், எங்க வீட்டுக்காரரு சாட்சியாத்தான் கூடப் போனாருன்னு எழுதுங்க. அத எழுதிட்டு எனக்கு ஒருக்காப் படிச்சுக் காட்டுங்க" என்றாள். எழுதினார்கள். படித்துக் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை மெதுவாகத்தான் நடந்தன. ரைட்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அது தண்டனையா, வழக்கமான மாறுதலா என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் லைசென்ஸ் வைத்திருந்த எல்லார் துப்பாக்கியையும் வாங்கி வைத்து மறுபடி விசாரித்தார்கள். பயிரை அழிக்கிற காட்டுப்பன்றிக்காகத் துப்பாக்கி வைத்திருந்த சம்சாரிகள் முணுமுணுத்தார்கள். விசாரணை அறிக்கை மேலே போனது, கீழே வரவில்லை. ஊரில் அந்த வருடம் பங்குனிப் பொங்கல் வைக்கவில்லை. சொசைட்டியைத் திறந்தபோது பால் பரிசோதிக்கிற வேலையைச் செல்லக்கிளிக்குக் கொடுத்தார்கள். உள்ளே போக முதல் வாரம் அவளுக்குக் கால் வரவில்லையாம். பிறகு பழகிவிட்டது என்று போனில் சொன்னாள். மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். ஊருக்கு வா என்று அவள் கூப்பிட்டதில்லை. சின்னத்தாயும் கேட்டதில்லை. கப்பலூர்க் கம்பெனி அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. இப்போது பழங்காநத்தத்தில் இருந்தே போகிறாள். மீனா படிப்பை முடித்துவிட்டாள். வேலை தேடுகிறாள்.

அறிக்கை வராததால் ஐந்து குடும்பத்தாரும் சேர்ந்து ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். வேறு போலீஸ் விசாரிக்க வேண்டும் என்பது மனு. அதற்குச் சின்னத்தாயின் வாக்குமூலம் வேண்டும் என்று மதுரை கே.கே. நகரில் உள்ள வக்கீல் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அவள் போன நேரத்தில் வக்கீல் கோர்ட்டில் இருந்து வரவில்லை. வாசலில் ஒரு நீள பெஞ்சு. அதன் ஒரு கோடியில் மொக்கையன் உட்கார்ந்திருந்தார். வேறு இடம் இல்லை. அவள் மறு கோடியில் உட்கார்ந்தாள். மண்டபத்தில் எழுந்துபோன பிறகு அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"அன்னைக்குக் காலையில நீயுந்தான பால் ஊத்துன?"

"ஆமா மாமா."

"எம் மகன் அங்கன இருந்தானா?"

"இருந்தான் மாமா. வண்டியப் பின்பக்கமாத் திருப்பி விட்டுட்டுக் கேன ஏத்திக்கிட்டிருந்தான். 'இன்னைக்கும் வேன விட்றப் போற மதினி, ஓடு ஓடு'ன்னான். நா ஓடுறப்ப ஆரன அடிச்சு வேன் டிரைவர நிக்கச் சொன்னான்."

மொக்கையன் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"சாப்புட்டிருந்தானா?"

சின்னத்தாய்க்கு இதில் பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"பன்னு தின்னுக்கிட்டிருந்தான் மாமா. தேங்காய்ப் பன்னு. ஒரு கையில பன்ன வச்சுக்கிட்டு ஒரு கையால கேனத் தூக்குனான். பக்கத்துல டீயும் இருந்துச்சு. சத்தியமா நா பாத்தேன்."

"அவங்க ஆத்தா இந்த ஒரு வருசமா அதச் சொல்லித்தான் அழுகுறா. வெறும் வயித்தோட போயிட்டான், வெறும் வயித்தோட போயிட்டான்னு" என்றார் மொக்கையன்.

சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தார். கண் சரியாகத் தெரியாததால் எட்டப் பிடித்து, பொத்தானைத் தேடித் தேடி அழுத்தினார். அந்தப் பக்கம் எடுத்ததும் சத்தமாகப் பேசினார்: "ஏ, நாந்தான். அவன் சாப்புட்டிருக்கான். ஆமா. பன்னு தின்னிருக்கான், டீயும் குடிச்சிருக்கான். பாத்தவுக சொல்றாக. யாரா? அத வீட்டுல வந்து சொல்றேன்."

வக்கீல் வந்துவிட்டார் என்று உள்ளே இருந்து குரல் கேட்டது. முதலில் சின்னத்தாயைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். மொக்கையன் கைத்தடியை ஓரமாக இழுத்து அவளுக்கு வழி விட்டார். அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.